பதினேழு பைசா உதைக்குது!

பெரியப்பா முப்பது வருஷம் ஹெட் கிளார்க். பக்கம் நிறைய எண்களை மேலிருந்து கீழே ஒரே பார்வை பார்த்துவிட்டு, "பதினேழு பைசா உதைக்குதேடா!" என்பார். உதைக்கும். நான் பி.காம். தேறினதே அவர் தயவில்தான்.

அவர் போன மாசம் மளிகைச் சிட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் முழித்தார். ஏழே ஐட்டம். கூட்டல் வரவில்லை. 1974-ல் வாங்கின சைக்கிள் விலை மட்டும் பைசா சுத்தமாக வந்தது.

"வயசாச்சுல்ல" என்றாள் பெரியம்மா. "அல்ஸைமர்தான், சந்தேகமே இல்லை" என்றார் வாட்ஸ்அப்பிலேயே எம்.பி.பி.எஸ். முடித்த எதிர்வீட்டுக்காரர்.

நிஜ டாக்டர் ஸ்கேன் எடுத்தார். படத்தில் அங்கங்கே சுண்ணாம்பு தெறித்தாற்போல் வெள்ளைத் திட்டுகள்.

"பி.பி. மாத்திரை போடறீங்களா?"

"தலைவலி வந்தா போடுவேன்" என்றார் பெரியப்பா, ஏதோ சிக்கனம் பண்ணிவிட்ட பெருமையில்.

டாக்டர் விளக்கினார். மூளை உடம்பு எடையில் 2 சதவிகிதம்தான். ஆக்ஸிஜனில் மட்டும் சுமார் 20 சதவிகிதம் கேட்கும். (என் பழைய முதலாளி ஞாபகம் வந்தார்.) சப்ளை பண்ணுவதோ மிக மெல்லிய குழாய்கள். வருஷக்கணக்கில் அழுத்தம் அடித்தால் சுவர் தடித்து, வழி குறுகிவிடும். ரத்தம் போகாத இடம் துளித் துளியாகச் சாகும். வாய் கோணாது, கை இழுக்காது. அதனால் யாருக்கும் தெரியாது. உள்ளே ஓடும் ஒயர்கள் மட்டும் பழுதாகும். அல்ஸைமரில் பெரும்பாலும் முதலில் புது ஞாபகம் போகும். இதில் வேகமும் கணக்கும் முதலில் அடிபடும். இரண்டும் கைகோத்து வருவதும் உண்டு.

"பழையபடி ஆவாரா?"

"போனதை வரவு வைக்க முடியாது. மிச்சத்தைக் காப்பாத்தலாம்" என்றார். அமெரிக்காவில் 50 வயதைத் தாண்டிய 9,000 பேருக்கு மேல் வைத்துப் பார்த்த ஆய்வு 2019-ல் வெளியானது. பி.பி.யின் மேல் எண்ணை 140-க்குக் கீழ் வைத்தவர்களைவிட, 120-க்குக் கீழ் கொண்டுவர முயன்றவர்களுக்கு லேசான புத்தித் தடுமாற்றம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவாம்.

"சரி, நீங்க கையை நீட்டுங்க" என்றார் என்னிடம். எனக்கு எதுக்கு சார், முப்பத்தாறுதானே?

150/100. ஒரு வாரம் பார்த்தார். இறங்கவில்லை. எனக்கும் மாத்திரை.

இப்போது பெரியப்பா ஒரு நோட்டுப் போட்டிருக்கிறார். இரண்டு காலம்: அவர் பெயர், என் பெயர். தினம் காலையில் டிக். கூட்டல் வேண்டாம், டிக் மட்டும்தான். நேற்று நான் போனதும் நோட்டை விரித்து, மெதுவாக, ரொம்ப மெதுவாக விரலை ஓட்டினார். என் காலத்தில் வந்து நின்றது விரல்.

"செவ்வாய்க்கிழமை... ஒண்ணு உதைக்குதேடா!"

உதைத்தது.