ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்...

அறுநூறு பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம். அதில் பலர் போரில் தாய் தகப்பனை இழந்தவர்கள். பள்ளியை நடத்துபவரிடம் அதிகாரிகள் வந்து, "நாங்கள் நம்புவதையே நானும் நம்புகிறேன் என்று எழுதிக் கொடுங்கள். பள்ளி நடக்கட்டும்" என்கிறார்கள். அவருக்கோ அதில் நம்பிக்கை இல்லை. எழுதிக் கொடுக்கலாமா, கூடாதா?

"இதென்ன பெரிய விஷயம்? பிள்ளைகளுக்காக ஒரு பொய் சொன்னால் என்ன குறைந்துவிடும்?" என்று நீங்கள் கேட்கலாம். கிரேக்க தேசத்தில் 1839-ம் ஆண்டில் ஒரு பாதிரியாருக்கு இந்தச் சோதனை உண்மையாகவே வந்தது. அவர் பெயர் தியோபிலோஸ் கைரிஸ். அவர் என்ன செய்தார் என்பதைச் சொல்லுமுன், அவர் யார் என்று சொல்லிவிடுகிறேன்.

ஏஜியன் கடலில் ஆண்ட்ரோஸ் என்று ஒரு தீவு இருக்கிறது. கப்பலோட்டிகளின் ஊர். அங்கே 1784-ல் பிறந்தவர் கைரிஸ். அப்போது கிரேக்கர்கள் துருக்கி சுல்தானின் ஆட்சியில் இருந்தார்கள். இளம் வயதிலேயே அவர் ஆர்த்தடாக்ஸ் சபையில் துறவுக் கோலம் பூண்டார். அத்துடன் அவருடைய அறிவுப் பசி அடங்கிவிடவில்லை. இத்தாலியில் பீஸா நகரத்துக்கும், பிறகு பாரிஸுக்கும் போய்க் கணிதமும் தத்துவமும் பௌதிகமும் படித்தார். பாரிஸில் அதாமந்தியோஸ் கொராயிஸ் என்ற பெரும் பண்டிதரின் பழக்கம் கிடைத்தது. கிரேக்க நாடு விடுதலை அடைய வேண்டுமானால் முதலில் மக்கள் படிக்க வேண்டும் என்பது கொராயிஸின் கட்சி. கைரிஸும் அந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டார்.

படிப்பு முடிந்ததும் சின்ன ஆசியாக் கரையிலிருந்த கிடோனியெஸ் என்ற ஊரின் கலாசாலையில் ஆசிரியரானார். இன்று அந்த ஊர் துருக்கியில் அய்வாலிக் என்ற பெயருடன் இருக்கிறது. தம்முடன் தங்கை இவாந்தியாவையும் அழைத்துப் போயிருந்தார். பெண்களுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட காலம் அது. அண்ணன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தங்கைக்கும் பாஷைகளும் சாஸ்திரங்களும் கற்றுக் கொடுத்தார். அந்தப் பெண் 1820-ல் ஒரு பிரெஞ்சு நூலை மொழிபெயர்த்து வெளியிட்டாள். 1826-ல் ஒரு நாடகமும் எழுதி அச்சேற்றினாள். கிரேக்க மொழியில் நாடகம் எழுதிய முதல் பெண்களில் அவளும் ஒருத்தி என்று இன்று பாடப் புத்தகங்கள் அவளைப் பாராட்டுகின்றன.

1821-ல் விடுதலைப் போர் மூண்டது. வாத்தியார் சும்மா இருக்கவில்லை. அதற்கு முன்பே ரகசிய சங்கத்தில் அங்கத்தினராகியிருந்தவர், மே மாதம் சொந்தத் தீவுக்கு வந்து புரட்சிக் கொடியை ஏற்றினார். போர்முனைக்குப் போய்க் காயமும் பட்டார். நாட்டின் முதல் அதிபராக வந்த கபோதிஸ்திரியாஸ் 1828 ஜனவரியில் ஏஜினா தீவில் இறங்கியபோது வரவேற்புரை நிகழ்த்தியவர் கைரிஸ்தான்.

அந்தச் சமயத்தில் அவர் கேட்டிருந்தால் எந்தப் பதவியும் கிடைத்திருக்கும். கேட்காமலே தேடி வந்த மரியாதையையும் அவர் ஏற்கவில்லை. 1835-ல் மன்னர் ஓத்தோ தங்கச் சிலுவை விருது அளித்தார்; வேண்டாமென்றார். ஏதென்ஸில் புதிதாகத் தொடங்கிய சர்வகலாசாலையில் பேராசிரியர் பதவி வந்தது, அதையும் மறுத்துவிட்டார். அவருடைய மனம் முழுவதும் அநாதைப் பிள்ளைகளிடம் இருந்தது. கியோஸ், ப்ஸாரா ஆகிய தீவுகளில் நடந்த படுகொலைகளைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பெரியவர்கள் மடிந்த இடங்களில் குழந்தைகள் தெருவில் நின்றார்கள். ஐரோப்பாவெங்கும் அலைந்து நன்கொடை திரட்டி, ஆண்ட்ரோஸில் ஓர் அநாதை இல்லத்தை அமைத்தார் கைரிஸ். 1836-ல் அங்கே பாடங்கள் ஆரம்பமாயின.

அதன் புகழ் பரவியதும், அநாதைகள் மட்டுமல்ல, பெற்றோர் உள்ள பிள்ளைகளும் வந்து குவிந்தார்கள். பல்கேரியாவிலிருந்து கூட மாணவர்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவரான இலாரியோன் மகரியோபோல்ஸ்கி பிற்காலத்தில் பிஷப் ஆனார். 1860-ல் ஈஸ்டர் பூஜையில் கிரேக்கத் தலைமைக் குருவின் பெயரைச் சொல்லாமல் விட்டு, பல்கேரிய சபையின் சுதந்திரத்தை அறிவித்தவர் அவரே! வாத்தியாரின் பிடிவாதத்தில் கொஞ்சம் சீடனுக்கும் ஒட்டிக்கொண்டது போலும்.

இவ்வளவு நன்றாக நடந்த பள்ளிக்கு என்ன வந்தது?

கைரிஸின் உள்ளத்தில் ஒரு மாற்றம் நிகழ்ந்திருந்தது. கடவுள் ஒருவரே, ஆன்மா அழியாதது என்பதை உறுதியாக நம்பினார். ஆனால் திரித்துவம் முதலான சபைக் கோட்பாடுகளை அவருடைய அறிவு ஏற்கவில்லை. தம் கொள்கைக்குத் 'தியோஸெவியா', அதாவது தெய்வ பக்தி என்று பெயர் வைத்தார். பழைய தோரியக் கிரேக்கத்தில் துதிப்பாடல்களும் எழுதினார். இந்தச் செய்தி மெல்ல மெல்ல ஏதென்ஸ் வரை போயிற்று.

1839-ல் சபையின் மகா சங்கம் அவரிடம் விசுவாச அறிக்கை கேட்டது. "நான் தத்துவம் போதிக்கிறேன், வேதாகம சாஸ்திரம் போதிக்கவில்லை" என்ற கருத்தில் பதில் போயிற்று. சங்கத்துக்கு வேண்டியிருந்தது ஆம் அல்லது இல்லை. கைரிஸ் 'ஆம்' என்று சொல்லவில்லை. கைது செய்து ஏதென்ஸுக்குக் கொண்டு போனார்கள். அங்கும் சொல்லவில்லை. முதலில் ஸ்கியாதோஸ் தீவு மடத்திலும், பிறகு ஸாந்தோரினி தீவு மடத்திலும் அடைத்து வைத்தார்கள். 1842-ல் நாட்டைவிட்டே வெளியேறினார்.

சபையின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. பெற்றோர் தங்கள் பிள்ளைகளை ஓர் ஆர்த்தடாக்ஸ் பாதிரியாரை நம்பி அனுப்பினார்கள். அந்த அங்கிக்குள் இருந்தவர் வேறு மதத்தை நினைத்துக்கொண்டிருந்தார் என்றால், அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா? அங்கியைக் கழற்றி வைத்துவிட்டுப் பள்ளியைத் திறந்திருக்கலாமே என்று எனக்கும் தோன்றுகிறது. ஆனால் ஒரு மனிதரின் நம்பிக்கையோடு தர்க்கம் செய்வது வேறு, அதற்காக அவரைப் பூட்டி வைப்பது வேறு அல்லவா?

1844-ல் நாட்டுக்கு அரசியல் சட்டம் வந்தது. கைரிஸும் தீவுக்குத் திரும்பினார். பழைய கூட்டம் இல்லை. ஒரு சிலருக்குப் பாடம் சொல்லிக்கொண்டும் எழுதிக்கொண்டும் இருந்தார். புதிய சட்டம் பிற மதங்களைச் சகித்துக்கொண்டது. மத மாற்றத்தை மட்டும் தடை செய்தது. அந்த இடுக்கில்தான் அவர் மாட்டிக்கொண்டார். 1852 டிசம்பரில் ஸிரோஸ் தீவு நீதிமன்றம் அவருக்கும் மூன்று சீடர்களுக்கும் தண்டனை விதித்தது. அவருக்கு இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று அதிகமான சிறைவாசம். வயதோ அறுபத்தெட்டு.

இரண்டு ஆண்டு வேண்டியிருக்கவில்லை. 1853 ஜனவரியில் சிறையிலேயே கண்ணை மூடினார். மதச் சடங்கு எதுவும் செய்யாமல் புதைத்தார்கள். உடலுக்குச் சுண்ணாம்பும் இட்டார்கள் என்று வரலாறு சொல்கிறது. அதே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அவருடைய தண்டனையை ரத்து செய்தது! தீர்ப்பைக் கேட்க வேண்டியவர் மண்ணுக்குள் போய்விட்டார்.

இன்று ஆண்ட்ரோஸுக்குப் போனால், ஊர் நடுவிலே ஒரு சதுக்கத்துக்கு அவர் பெயரைக் காணலாம். அவர் பெயரால் ஒரு நூலகமும் இருக்கிறது.

ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். அவர் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் பள்ளி பிழைத்திருக்கும். இன்னும் எத்தனையோ பிள்ளைகள் படித்திருப்பார்கள். இதைச் சாதாரண நஷ்டமென்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பொய் சொல்லக்கூடாது என்று அந்தப் பிள்ளைகளுக்கு அவர்தானே தினமும் சொல்லிக் கொடுத்திருப்பார்? மறுநாள் காலையில் எந்த முகத்துடன் வகுப்புக்குள் நுழைவார்?

நீங்கள் அவருடைய இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? இன்றிரவு சாப்பாட்டு நேரத்தில் வீட்டுப் பிள்ளைகளிடமும் கேட்டுப் பாருங்கள். நம்மைவிடச் சீக்கிரமாக அவர்கள் பதில் சொல்லிவிடுவார்கள்.