சால்டரிங் விட்டுப்போச்சு

சந்திரயான்-3 பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் 2023 ஆகஸ்ட் 23 மாலையிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். லேண்டர் இறங்கியது, நாடே கைதட்டியது, திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் நம்ம விழுப்புரத்துக்காரர் என்று மாவட்டமே நிமிர்ந்து உட்கார்ந்தது. எனக்கு அந்த மாலையைவிட அவருடைய முனைவர் பட்ட ஆய்வுதான் பிடித்த விஷயம். ‘சென்னை ஐஐடியில் பிஎச்.டி.’ என்று ஒரே வரியில் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அவர் ஆராய்ந்தது ராக்கெட்டை அல்ல, நிலவையும் அல்ல. செயற்கைக்கோளுக்குள் இருக்கும் மின்னணுப் பலகையை, நம் மெக்கானிக்குகள் ‘போர்டு’ என்று சொல்கிறார்களே, அதை. ராக்கெட் கிளம்பும்போது உள்ளே இருக்கிற எல்லாமே உதறும். ஒவ்வொரு போர்டுக்கும் இயல்பான ஓர் அதிர்வு வேகம் உண்டு. ராக்கெட்டின் உதறல் அதோடு ஒத்துப்போனால் போர்டின் நடுப்பகுதி மேலும் கீழுமாக வளையத் தொடங்கும். சிப்புகளின் கால்களைப் பிடித்திருக்கும் ஈயப்பற்று வெடிக்கும். அப்புறம் எத்தனை கோடி ரூபாய் செயற்கைக்கோளாக இருந்தாலும் அது வெறும் தகரம்தான்.

போர்டைத் தடிப்பாக்கலாம், எடை கூடிவிடும். ரப்பர் வைக்கலாம், விண்வெளியின் சூட்டிலும் குளிரிலும் ரப்பர் தாங்காது. வீரமுத்துவேலும் உடன் ஆய்வாளர்களும் எடுத்த வழி வேறு. ஒரு சின்னக் கூட்டுக்குள் பொடிப்பொடியான உலோகக் குண்டுகளைப் போட்டு, அதைப் போர்டின் மேல் பொருத்திவிடுவது. பால்ரஸ் குண்டின் பேரப்பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். போர்டு அதிர்ந்தால் குண்டுகள் ஒன்றோடொன்று மோதி, உரசி, அதிர்வின் சக்தியை வாங்கிக் கரைத்துவிடும். கரண்ட் வேண்டாம், புரோகிராம் வேண்டாம். 2016-இல் ‘ஆக்டா ஆஸ்ட்ரோநாட்டிகா’ என்ற ஆய்விதழில் இது வெளிவந்தது.

கேட்க எளிது. எத்தனை குண்டு, என்ன அளவு, கூட்டில் எவ்வளவு இடம் காலியாக விடுவது? இதற்கு நேரான சூத்திரம் கிடையாது. நிறையப் போட்டால் குண்டுகள் நகராது. குறைத்தால் மோதலே போதாது. அதனால் சோதனைகள் செய்து, அந்தத் தரவைக் கொண்டு நியூரல் நெட்வொர்க் ஒன்றைப் பழக்கி, சரியான அளவுகளைக் கணிக்கவும் பார்த்தார்கள். இன்று எல்லார் வாயிலும் இருக்கிற ஏஐயின் தூரத்துச் சொந்தம், குண்டு எண்ணும் வேலைக்கு அப்போதே வந்திருக்கிறது.

இதை நான் ரசிப்பதற்குக் கண்டாச்சிபுரம் கடைத்தெருவில் மோட்டார் ரிப்பேர் பார்க்கும் ஓர் அண்ணன்தான் காரணம். எங்கள் பக்கம் கொல்லைக்குப் போகாமலே போர் மோட்டாரைப் போடும் மொபைல் ஸ்டார்ட்டர் பரவலாக வந்துவிட்டது. ஒரு சிம் கார்டு, சின்ன மைக்ரோ கன்ட்ரோலர், இரண்டு மூன்று ரிலே. மும்முனைக் கரண்ட் வந்தால் போன் அடிக்கும். நாம் ஒரு எண்ணை அமுக்கினால் மல்லாட்டைக்குத் தண்ணீர் பாயும். ஒரு பேஸ் போனாலோ கிணறு வற்றினாலோ தானே நிறுத்திக்கொள்ளும். கல்லூரியில் ‘எம்பெடட் சிஸ்டம்’ என்று பாடம் நடத்துவது இதைத்தான். பாடத்தில் இல்லாததை அண்ணன் சொன்னார்: “போர்டு செத்துப்போச்சின்னு புதுசு மாத்திடறாங்க சார். பாதி போர்டு சாகவே இல்ல. காண்டாக்டர் டப்பு டப்புன்னு அடிச்சி அடிச்சி சால்டரிங் விட்டுப்போயிருக்கும். வச்சி ஊதுனா ஓடும்.”

ஐஐடி ஆய்வேடும் கடைத்தெரு அனுபவமும் ஒரே ஈயப்பற்றில்தான் வந்து நிற்கின்றன.

வீரமுத்துவேல் வந்த வழியைப் பாருங்கள். ரயில்வே டெக்னீஷியன் வீட்டுப் பிள்ளை. விழுப்புரம் ரயில்வே பள்ளி, பிறகு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ, அதன்பின் சாய்ராம் கல்லூரியில் பி.இ., திருச்சியில் எம்.இ. கோவையில் நூற்பு இயந்திரம் செய்யும் லட்சுமி மிஷின் வொர்க்ஸில் வேலை, அடுத்து எச்ஏஎல்லின் ஹெலிகாப்டர் ஆராய்ச்சிப் பிரிவு, அப்புறம்தான் இஸ்ரோ. நூற்பு இயந்திரம், ஹெலிகாப்டர், ராக்கெட், மூன்றும் உதறலுக்குப் பேர் போனவை. ரயில்வே குடும்பம் என்பதையும் இந்தக் கணக்கில் சேர்த்தால் சினிமாவாகிவிடும், விட்டுவிடுகிறேன். 2023 அக்டோபரில் தமிழ்நாடு அரசு கொடுத்த 25 லட்சம் ரூபாயை அவர் படித்த கல்லூரிகளுக்கே பிரித்துக் கொடுத்தார். அந்தப் பட்டியலில் பாலிடெக்னிக்கும் இருந்தது.

‘டிப்ளமோவா?’ என்று கல்யாண வீட்டில் ஒரு மாதிரி இழுத்துக் கேட்கிற மாமாக்களுக்காக இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதினேன்.

இப்போது கம்ப்யூட்டர் சயின்ஸில் பிஎச்.டி. சேர்ந்து ரோபோ பக்கம் போகிற பிள்ளைகள் நம் ஊர்களிலும் வரத் தொடங்கிவிட்டார்கள். விழுப்புரம், திண்டிவனம் இரண்டிலுமே அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரிகள் இருக்கின்றன. அவர்களிடம் பேசினால் கோடிங், ஏஐ என்றுதான் பேச்சு ஓடுகிறது. ரோபோவின் மூளையைப் பற்றிக் கவலைப்படுகிற அளவுக்கு அதன் முட்டியைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை.

பிரக்யான் ரோவரையே எடுத்துக்கொள்ளுங்கள். 26 கிலோ, ஆறு சக்கரம், வேகம் நொடிக்கு ஒரு சென்டிமீட்டர். கல் மீது ஏறினாலும் எல்லாச் சக்கரமும் தரையில் படும்படி முட்டிகள் போன்ற அமைப்பு. பார்த்துப் பார்த்துத்தான் நடந்தது: கேமரா படம் எடுத்து அனுப்பும், பெங்களூரில் அதிலிருந்து மேடுபள்ள வரைபடம் செய்வார்கள், ஒரு படத்தை நம்பி அதிகபட்சம் ஐந்து மீட்டர்தான். ஆகஸ்ட் 27 அன்று மூன்று மீட்டர் முன்னால் நான்கு மீட்டர் அகலப் பள்ளம் தென்பட்டது. வந்த தடத்திலேயே திரும்பச் சொன்னார்கள். திரும்பியது. செப்டம்பர் 2-க்குள் நூறு மீட்டரைத் தாண்டிய பிறகு தூங்க வைத்தார்கள். அந்த நிலவு இரவின் குளிருக்குப் பிறகு அது எழவில்லை. 14 நாள் கணக்குப் போட்டுத்தான் செய்தது, அதற்கு மேல் கேட்பது பேராசை. ஆனாலும் மெக்கானிக் புத்தி உள்ளவனுக்கு, உள்ளே எந்தப் பற்று விட்டதோ என்றுதான் மனம் போகும்.

குண்டுக் கூட்டைப் பற்றிப் போன வாரம் அண்ணனிடம் சொன்னேன். மேசையில் கிடந்த பேரிங் ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“எவ்ளோ வெயிட்டு ஏறும் சார்?”

ஆய்வுக் குழு தலையைப் பிய்த்துக்கொண்ட கேள்வியே அதுதான் என்றேன். சிரித்தார். ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து ஊதினார். ரிலே இடுக்கிலிருந்து ஒரு கை எறும்பு கொட்டியது.

“அதிர்ச்சிக்கு அவரு வழி பண்ணிட்டாரு. இதுக்கு யாராச்சும் பிஎச்.டி. பண்றாங்களா?”