கீரையும் நாணமும்

கச்சான் காற்று வீசத் தொடங்கிவிட்டால் திருகோணமலையில் நண்பகற் சோறு தொண்டைக்குள் இறங்க மறுக்கும். துறைமுகத்தருகே வாழ்ந்தும் வைகாசி தொட்டு ஆவணி வரை எமக்குக் கடற்குளிர்ச்சி அரிது. மேற்கிலிருந்து தரைமேல் தவழ்ந்து வரும் அவ்வறண்ட காற்று நாவின் ஈரத்தையும் கொண்டுபோய்விடும். இத்தகைய நாளொன்றில் நிகழ்ந்த இலக்கிய விழாவின் பகல் விருந்தே இதனை எழுதத் தூண்டியது. நெய்ச்சோறும் பொரித்த இறைச்சியும் நிறைந்த தட்டின் ஓரத்தில் மலைநாட்டுச் சலாது இலையொன்று வாடிச் சுருண்டு கிடந்தது. அதனை உண்டார் எவரையும் காணேன்.

“ஏனம்மா, வல்லாரைச் சம்பல் இல்லையோ?” என்று பரிமாறிய அம்மையாரை வினவினேன்.

“பெரிய ஆக்கள் வாற இடத்தில இலைகுழையை வைக்கலாமோ, ஐயா?” என்றார் அவர்.

இவ்விடை எனக்குப் புதிதன்று. சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பு மாணவி ஒருத்தி, சோற்றுப்பெட்டியின் மூடியைப் பாதி சாய்த்து மறைத்தபடி உண்பதைக் கண்டேன். உள்ளே இருந்தது முருங்கையிலை வறை. பக்கத்திலிருந்தோர் பணிசும் சோடாவும் உண்டுகொண்டிருந்தனர். அவற்றை மறைப்பார் ஒருவருமில்லை!

சிறுபாணாற்றுப்படையைக் கற்றோர் அம்மூடியைக் கண்டதும் ஒரு கதவினை நினைவர். பசியுற்ற கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையைக் கிள்ளி, உப்புமின்றி வேகவைத்து, பிறர் காண நாணி, வாயிலை அடைத்துச் சுற்றத்தோடு உண்ட காட்சியை நல்லூர் நத்தத்தனார் அதிலே காட்டுகின்றார். புலவர் காட்டியது வறுமையின் துயரம். அவருடைய இரக்கத்தை விட்டுவிட்டு, கிணைமகளின் நாணத்தை மட்டும் நாம் காத்து வருகின்றோம்.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில், வீட்டுத்தோட்டம் செய்யவென அரசாங்க ஊழியர்க்கு வெள்ளிக்கிழமை விடுமுறையும் அளிக்கப்பட்டது. அப்போது வேலியோரத்து முருங்கைக்கும் கிணற்றடி வல்லாரைக்கும் மதிப்பு வந்தது. நெருக்கடி சற்றுத் தணிந்ததும் அவை பழையபடி ஏழையின் கறியாயின. காலைப் பிரார்த்தனையில் மயங்கி விழும் பெண்பிள்ளைகளைத் தாங்கிப் பிடிக்கும் ஆசிரியன் யான். குருதியில் இரும்புச்சத்துக் குறைவென்று வைத்தியர் சொல்லக் கேட்கும்போதெல்லாம் அம்மூடி என் கண்முன் வரும்.

நிற்க. எந்த இலையை எதனோடு சேர்ப்பது என்னும் அறிவு நம்மவர்க்கு என்றும் இருந்தது. விரதம் முடித்துப் பாறணை செய்யும் இலையில் அகத்திக்கீரையையும் நெல்லிக்கனியையும் சேர்த்து வைத்தவர் யார்? கீரையிலுள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்பதில்லை. நெல்லியிலுள்ள விற்றமின் சி அதனை ஏற்கத் துணைசெய்யும். ஆய்வுகூடம் காணாத நம் பாட்டிமார் இதனை அறிந்து செய்தனரோ, வயிறு சொல்லக் கேட்டுச் செய்தனரோ, இணை பொருத்தமாகவே அமைந்தது.

வல்லாரைச் சம்பலும் அத்தகையதே. இலையை மெல்லியதாக அரிந்து, தேங்காய்ப்பூ, சின்னவெங்காயம், பச்சைமிளகாய், உப்புச் சேர்த்து, பந்தியில் வைக்கும்போது தேசிக்காய் பிழிவர். தேசிப்புளி நெல்லியின் பணியைச் செய்யும். தேங்காயின் கொழுப்பு, இலையிலுள்ள கரோட்டின் உடலிற் சேர உதவும். முன்னரே பிழிந்து வைத்தால் இலை கறுத்துச் சோர்ந்துவிடும். (சம்பல் மலாய்ச் சொல், சலாது மேனாட்டுச் சொல் என்று தனித்தமிழ் அன்பர்கள் முகஞ் சுளிப்பர். துறைமுகத்து ஊருக்குச் சொற்களும் கப்பலேறி வருவது இயல்புதானே!) பரீட்சை நெருங்கினால் மட்டும் வல்லாரையைப் பிள்ளைகளுக்குத் திணிப்பதை யான் ஒப்பேன். பாடத்தைப் படியாதவனுக்கு எந்தக் கீரையும் நினைவூட்டாது.

எல்லா இலையையும் பச்சையாக உண்ணலாகாது. பசளியிலும் முளைக்கீரையிலும் சுண்ணாம்புச்சத்தைக் கட்டிவைக்கும் ஒட்சாலிக்கமிலம் உண்டு. அவற்றை வேகவைத்து நீரை வடித்தல் நன்று. அவ்வாறு வடித்த பசளியை ஆறவிட்டு, முட்டியிலிருந்து எடுத்த எருமைத் தயிரோடு பிசைந்தால் கச்சான் காலத்துக்கு அதனினும் இனிய பச்சடி இல்லை. குறிஞ்சாவின் கசப்புக்குத் தேங்காய்ப்பூவும் சிறிது மாசியும் வேண்டும். வல்லாரை ஈரநிலத்தில் படர்வதாதலின், கழிவுநீர் ஓடும் இடத்ததை விலக்குக. நல்லிடத்ததையும் பலமுறை அலசி, கொதித்தாறிய நீரில் இறுதியாகக் கழுவுக. உண்ட கையோடு தேநீர் அருந்தும் எம்மவர் பழக்கமும் தீதே. தேயிலையின் துவர்ப்பு இரும்பைப் பற்றிக்கொள்ளும்; ஒரு மணிநேரம் பொறுத்தல் வேண்டும். இதனைச் சொல்லும் யானே பல நாள் பொறுப்பதில்லை.

அடுத்த விழா ஆடியில் வருகின்றது. வல்லாரை எங்கள் கிணற்றடியிலிருந்து வரும் என்று அந்த அம்மையாரிடம் சொல்லிவிட்டேன். தட்டின் ஓரத்தில் அழகுக்காக அன்றி, சோற்றுக்கு அருகே அகப்பை நிறைய வைத்தல் வேண்டும் என்பது யான் இட்ட ஒரே நிபந்தனை. “பாப்பம், ஐயா” என்றிருக்கிறார்.