எத்தனை புள்ளி? எத்தனை எறியில்?

கூடைப்பந்தாட்டத்தில் யார் சிறந்த வீரர்? “அதிகப் புள்ளி எடுத்தவர்தான்” என்று உடனே சொல்லிவிடுவீர்கள். அந்த விடை போதாது என்பது என் கருத்து. ஒரு பழைய கணக்கைப் போட்டுப் பார்ப்போமா?

அமெரிக்கக் கல்லூரிகளில் ஏறக்குறைய ஒரே காலத்தில் இருவர் ஆடினர். லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பீட் மாரவிச் (1967–70) 83 ஆட்டங்களில் 3,667 புள்ளிகள் எடுத்தார், சராசரி 44.2. யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தின் லூ அல்சிண்டர் (1966–69) 88 ஆட்டங்களில் 2,325 புள்ளிகள் எடுத்தார், சராசரி 26.4. பின்னாளில் கரீம் அப்துல் ஜப்பார் என்று புகழ்பெற்றவர் இவரே. சராசரியில் மாரவிச் எட்டாத உயரத்தில் இருக்கிறார்!

ஆனால் எத்தனை முறை எறிந்து அப்புள்ளிகளை எடுத்தார்கள்? மாரவிச் ஆட்டப்போக்கில் எறிந்தவை 3,166. எதிரணியின் தவறுகளால் கிடைத்த தனி எறிகள் 1,152. அல்சிண்டருக்கு இவை முறையே 1,476, 699. தனி எறிகள் பெரும்பாலும் இரண்டிரண்டாகவும், சில வேளை கூடை விழுந்தபின் கூடுதலாக ஒன்றாகவும் கிடைக்கின்றன. எனவே ஒரு தனி எறியை 0.44 முயற்சி என்று தோராயமாகக் கொள்கிறார்கள் புள்ளியியலார்.

மாரவிச்: 3,166 + (0.44 × 1,152) = 3,673 முயற்சிகள். முயற்சிக்கு 1.0 புள்ளி.
அல்சிண்டர்: 1,476 + (0.44 × 699) = 1,784 முயற்சிகள். முயற்சிக்கு 1.3 புள்ளி.

தராசு மறுபக்கம் சாய்ந்துவிட்டது!

உடனே அல்சிண்டருக்கு மாலை போட்டுவிடலாமா? அதுவும் அவசரமே. அவர் 7 அடிக்கும் உயரமானவர். பெரும்பாலும் கூடைக்கு அருகிலிருந்து எறிந்தவர். அவர் ஆடிய மூன்று ஆண்டுகளிலும் தேசியப் பட்டம் வென்ற வலிய அணி அது. ஆட்டத்துக்கு 17 முறை எறிந்தாலே போதுமாக இருந்தது. மாரவிச்சோ 38 முறை எறிந்தார். அணியின் சுமை அவர் தோளில். தொலைவிலிருந்து விழும் கூடைக்கு 3 புள்ளி தரும் விதி, கல்லூரி ஆடவர் ஆட்டங்கள் அனைத்துக்கும் 1986–87 பருவத்தில்தான் வந்தது. ஆகவே அவர் எவ்வளவு தொலைவிலிருந்து போட்டாலும் 2 புள்ளிகள்தான்.

எனவே நுட்பமான எண்ணும் தீர்ப்பு ஆகாது. சரியான கேள்வியைக் கேட்க வைப்பதே அதன் பயன். அந்தக் கேள்வியைக் கேட்காவிட்டால், குறைவாக எறிந்து தவறாமல் கூடையில் போடும் மாணவன் அணிக்கு வெளியே நிற்பான். நிறைய எறிபவனுக்கே கைதட்டல் கிடைக்கும். உங்கள் பள்ளியில் அடுத்த ஆட்டம் நடக்கும்போது ஒரு நோட்டுப் புத்தகத்துடன் உட்காருங்கள். விழுந்த பந்துகளோடு விழாத பந்துகளையும் குறித்து வையுங்கள். யாரும் கவனிக்காத ஒரு நல்ல ஆட்டக்காரன் அந்தப் பக்கத்தில் உங்களுக்குத் தென்படக்கூடும்.