ஈரக் காலடியும் ஒரு தாயின் வழக்கும்

பொறியியலில் முதுகலை வரை படித்தவன் நான். புள்ளிவிபரவியலில் நல்ல புள்ளிகளும் எடுத்தேன். ஆனால் அது எதற்கு என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் முழித்திருப்பேன். சூத்திரத்தில் எண்களைப் போடத் தெரியும், அவ்வளவுதான்.

அண்மையில் அக்காவின் மகள் பாடசாலைச் செயற்றிட்டம் ஒன்றோடு வந்தாள். பாதத்தின் நீளத்தை வைத்து ஆளின் உயரத்தைக் கணிக்க வேண்டும். தடயவியலில் உண்மையாகவே செய்கிற வேலை. அன்று வீட்டில் பிறந்தநாள். வந்த இருபது பேரையும் அளந்து, வரைபுத்தாளில் புள்ளிகளிட்டு, ஊடாக ஒரு கோடு கீறினோம். பிறகு ஒருவர் எங்களுக்குத் தெரியாமல் தாளில் ஈரக் காலடி பதித்தார். நீளம் 26 சென்ரிமீற்றர். கோடு காட்டிய உயரம் 172.

"மாமா, ஆள் பிடிபட்டாச்சு!" என்றாள்.

எங்கே பிடிபட்டது? புள்ளிகள் கோட்டிலிருந்து எட்டுச் சென்ரிமீற்றர் வரை விலகிக் கிடந்தன. அந்த எல்லைக்குள் ஏழு பேர் நின்றார்கள். மற்றவர்களைச் சந்தேகத்திலிருந்து விடுவிக்கலாம், அதற்குமேல் அந்தக் காலடியால் எதுவும் சொல்ல முடியாது.

பிறகு அவளே கேட்டாள்: "இதில நாலு பேர் ஒரே வீட்டு அண்ணன் தம்பி. எல்லாருக்கும் நீளக் கால். இவையளைத் தனித்தனி ஆக்களா எண்ணலாமோ?"

இங்கிலாந்தில் அந்தக் கேள்வி கேட்கப்படாமல் போன ஒரு வழக்கு உண்டு. 1999இல் சாலி கிளார்க் என்ற தாய், தன் இரு கைக்குழந்தைகளைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டார். அவருடையதைப் போன்ற குடும்பத்தில் ஒரு குழந்தை திடீரெனக் காரணம் தெரியாமல் இறக்கும் வாய்ப்பு 8,543இல் 1. இரண்டு குழந்தைகள் என்றால் சுமார் 7 கோடியே 30 இலட்சத்தில் 1 என்று சாட்சி சொன்ன மருத்துவர் பெருக்கிக் காட்டினார். ஒரே பெற்றோர், ஒரே வீடு. இரண்டு மரணங்களையும் தொடர்பில்லாதவையாக எடுத்துப் பெருக்கியது பிழை என்று அரச புள்ளிவிபரவியல் சங்கம் 2001இல் அறிக்கை விட்டது. வெளியே வராதிருந்த மருத்துவச் சான்றும் தெரியவந்து, 2003இல்தான் அவர் விடுதலையானார்.

"இதெல்லாம் விளையாட்டு, சோதனைக்கு வராது" என்று எங்கள் பெற்றோர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இங்கிலாந்தில் 18 வயதானால் உங்களுக்கும் ஜூரி அழைப்பு வரலாம். அங்கே ஒரு நிபுணர் பெரிய எண் ஒன்றைச் சொல்லும்போது, "இது எப்படி வந்தது?" என்று யோசிக்கச் சூத்திரம் மட்டும் போதாது. ஒருமுறையாவது நீங்களே அளந்து, நீங்களே பிழைவிட்டுப் பார்த்திருக்க வேண்டும்.