துன்பமும் தேவசித்தமும்

கஷ்டப்படுகிறவனுக்கு ஆறுதல் வேண்டும் என்பதில் நமக்கு யாரோடும் அபிப்பிராய பேதம் கிடையாது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் சிலுவையைப் பிடித்துக்கொண்டு அழுதால், அந்தக் கையைத் தட்டிவிட நாம் போகப் போவதில்லை. ஆனால் அவள் பக்கத்தில் நின்றுகொண்டு, "இது தேவசித்தம், இதில் ஒரு நோக்கமிருக்கிறது" என்று காரணம் சொல்லுகிறாரே ஒரு பெரியவர், அவரிடத்தில்தான் நமக்கு வழக்கு. இந்து மதக்காரர் முன்ஜென்ம வினை என்பார், தலையெழுத்து என்பார். கிறிஸ்தவர் சோதனை என்பார், சிட்சை என்பார், மறுமையில் பலனுண்டு என்பார். கடைப்பலகை வேறே தவிர, உள்ளேயிருக்கும் சரக்கு ஒன்றுதான்.

இந்தச் சரக்கின் யோக்கியதை ஒரே நாளில் சந்தி சிரித்த கதை ஒன்றுண்டு. 1755-ம் வருஷம் நவம்பர் 1-ந் தேதி, சனிக்கிழமை காலை. போர்ச்சுகல் தேசத்தின் தலைநகரான லிஸ்பன் பட்டணம். அன்று சகல அர்ச்சிஷ்டர் திருநாள்; ஜனங்கள் கோயில்களில் நிறைந்திருந்தார்கள், பீடங்களில் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. அந்த வேளை பார்த்துப் பூமி குலுங்கிற்று. கோயில்கள் பூசைக்கு வந்தவர்கள் தலைமேலேயே விழுந்தன. தப்பியவர்கள் ஆற்றங்கரை வெளிக்கு ஓட, கடல் பொங்கி வந்து அவர்களை வாரிக்கொண்டு போயிற்று. மிஞ்சியதை நெருப்பு நாட்கணக்காகத் தின்றது. சகல அர்ச்சிஷ்டர் பெயரால் நடந்த பெரிய ஆஸ்பத்திரியும் வெந்துபோயிற்று. மாண்டவர் பல்லாயிரம் பேர்.

ஏன் இப்படி? பக்தியில் அந்தப் பட்டணத்துக்கு ஒரு குறையும் கிடையாது. மதத்துக்கு விரோதமானவர்களைப் பிடித்து விசாரித்துக் கொளுத்த ஒரு சபையே அங்கே இருந்தது. அந்தச் சபையின் மாளிகையும் விழுந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

உடனே காரணம் சொல்லுகிறவர்கள் கிளம்பினார்கள். மலக்ரிடா என்ற ஜேசு சபைப் பாதிரியார் 1756-ல் ஒரு சிறு புத்தகம் போட்டார். நகரத்தாரின் பாவமே காரணம், இயற்கைக் காரணம் தேடுவது தப்பு, வீடு கட்டுவதைவிட மனந்திரும்புவதே முக்கியம் என்பது அதன் சாரம். சீர்திருத்த சபையாரோ, கத்தோலிக்கர்கள் மனிதரைக் கொளுத்தியதற்கு இது தண்டனை என்றார்கள். இங்கிலாந்தில் ஜான் வெஸ்லியும் இந்தத் தோரணையில் எழுதினார். ஒரே பூகம்பம், ஒருவருக்குப் பக்தி போதாததற்குத் தண்டனை, மற்றொருவருக்கு அந்தப் பக்திக்கே தண்டனை! கடல் தாண்டி மொராக்கோவிலும் ஊர்கள் இடிந்து முகம்மதியர்கள் மாண்டார்களே, அவர்கள் எந்தக் கணக்கு என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. இருக்கக்கூடிய உலகங்களில் இதுவே சிறந்தது என்று 1710-லேயே லைப்னிட்ஸ் என்ற தத்துவ சாஸ்திரி எழுதி வைத்திருந்தார். அந்தச் சாமர்த்தியத்தை வால்ட்டேர் 1759-ல் 'கான்டீட்' என்ற கதையில் உலகம் சிரிக்கும்படி அம்பலப்படுத்தினார்.

காரியம் செய்தவர் வேறொருவர். மந்திரி பொம்பால் பிணங்களை அப்புறப்படுத்தி, தானியத்துக்கு ஏற்பாடு செய்து, பிறகு ஒவ்வொரு பங்குக்கும் ஒரு கேள்வித் தாள் அனுப்பினார். எவ்வளவு நேரம் ஆடிற்று? எத்தனை வீடு விழுந்தது? கடல் முதலில் ஏறிற்றா, இறங்கிற்றா? இவைதான் கேள்விகள். பதில் எழுதியவர்கள் பங்குப் பாதிரிமார்களே! அதிர்ச்சியைத் தாங்கும்படி மரச்சட்டங்கள் வைத்து வீடு கட்டும் முறையும் அதற்குப் பின்தான் அங்கே வந்தது. பொம்பாலை நாம் மகானாக்கவில்லை. மலக்ரிடா பாதிரியாரை 1761-ல் மத விசாரணைச் சபையைக் கொண்டே கழுத்தை நெரித்துக் கொளுத்தச் செய்த பாவம் அவர் ஆட்சியைச் சேர்ந்தது. அது பகுத்தறிவல்ல, வெறும் கொடுமை.

கிறிஸ்தவத் தோழர்களுக்கு ஒன்று சொல்லுவோம். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளல்ல என்று இயேசுவே சொன்னதாக உங்கள் லூக்கா சுவிசேஷத்தின் 13-ம் அதிகாரத்தில் இருக்கிறது. யோபுவுக்கு நியாயம் சொல்ல வந்த சிநேகிதர்களையும் கடவுள் கண்டித்ததாகவே கதை முடிகிறது. அப்படியிருக்க, பிரசங்க மேடையில் இன்னமும் அந்தச் சிநேகிதர்களின் குரல் கேட்பானேன்? கிறிஸ்தவர்களை மட்டும் சொல்லுவதும் நியாயமல்ல. 1934-ம் வருஷ பீகார் பூகம்பம் தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்று காந்தியார் நம் திருநெல்வேலிக்கே வந்து பேசினார். தாகூர் அதை மறுத்தார். தீண்டாமை ஒழிய வேண்டுமென்பதில் நம்மைவிட ஆத்திரமுள்ளவர் யார்? ஆனாலும் அந்தப் பூகம்பத்தில் தீண்டப்படாதவர்களின் குடிசையும்தானே விழுந்தது!

நம் கடற்கரைக்கு வருவோம். 2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. சுமத்ராவுக்கப்பால் கடலடியில் பூமி அதிர்ந்தது. நாகப்பட்டினம் ஜில்லாவில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள். வேளாங்கண்ணியில் கோயிலுக்குள் தண்ணீர் புகவில்லை. கரையில் நின்ற யாத்திரீகர்கள் பல நூறு பேர் போனார்கள். கோயில் தப்பியதை மாதாவின் அற்புதமென்று கொண்டாடினார்கள். மேடான இடமென்று சொன்னால் போதாதா? அற்புதமென்றால், அந்த மாதாவைத் தேடி வந்து கரையில் நின்ற குழந்தைகள் செய்த குற்றமென்ன? பதில் சொல்ல முடியாத இடத்தில் "அவருடைய வழிகள் நமக்குத் தெரியாது" என்பார்கள். தெரியாதென்றால் அற்புதம் மட்டும் எப்படித் தெரிந்தது?

உண்மையில் அன்று இல்லாமற் போனது எச்சரிக்கை. பசிபிக் சமுத்திரத்துக்கு 1949 முதல் எச்சரிக்கை நிலையம் இருந்தது. நம் சமுத்திரத்துக்கு இல்லை. பூமி அதிர்ந்து அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அந்த இரண்டு மணி நேரமும் கரையில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஐதராபாத்தில் நிலையம் வந்தது 2007-ல்.

மனிதன் செய்யும் கொடுமையையும் சிலுவையென்று சுமக்கச் சொல்லும்போது இந்த உபதேசம் இன்னும் கெடுதலாகிறது. செத்தபின்னும் சாதி பார்த்துக் கல்லறைத் தோட்டத்தில் சுவர் எழுப்பினவர்கள், சுவருக்கப்பால் புதைக்கப்பட்டவனுக்குப் பொறுமையைப் போதித்தார்கள்.

கிறிஸ்தவர்களிடத்தில் நாம் மதிக்கிறவர்களும் உண்டு. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீடுகளில் பிரசவத்தில் தவித்த பெண்களை, ஆண் வைத்தியர் தொடக்கூடாதென்று சாகவிட்டார்கள். பாதிரி வைத்தியரின் மகள் ஐடா ஸ்கடர், ஒத்தாசை கேட்டு வந்தவர்களைக் கண்ணால் பார்த்தார். தேவசித்தமென்று சும்மா இருக்கவில்லை. அமெரிக்காவுக்குப் போய் 1899-ல் டாக்டராகி, 1900-ல் வேலூரில் வைத்தியம் தொடங்கினார். அதைக் கடவுளின் அழைப்பென்று அவ்வம்மையார் சொன்னார். சொல்லட்டும், பிழைத்த பெண்கள் பிழைத்தார்கள்.

வருகிற டிசம்பர் 26-ல் கரையோரக் கோயில்களில் மாண்டவர்களுக்காகப் பூசை நடக்கும். அன்று பிரசங்கம் செய்யும் பாதிரிமார்களுக்கு ஒரு விண்ணப்பம். நிலம் அதிர்ந்தாலும், கடல் திடீரென்று உள்வாங்கினாலும், எந்தத் தெரு வழியாக எந்த மேட்டுக்கு ஓட வேண்டுமென்று ஐந்து நிமிஷம் சொல்லுங்கள். பிறகு ஜெபம் செய்துகொள்ளுங்கள், நமக்கு ஆட்சேபணையில்லை.