குற்ற அபாயத்தைக் கணினி கணிக்கலாமா? டாலிகஞ்ச் நினைவூட்டும் பாடம்

கொல்கத்தாவின் தென்பகுதியில் உள்ள டாலிகஞ்சுக்கும் தமிழகத்தின் வேலூருக்கும் 200 ஆண்டுகளுக்கும் மேலான தொடர்பு உண்டு. வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10-ஆம் தேதி சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததை அடுத்து, அங்கு காவலில் இருந்த திப்பு சுல்தானின் குடும்பத்தினர் டாலிகஞ்சுக்கு அனுப்பப்பட்டனர். ஒவ்வொருவரின் குற்றத்தையும் தனித்தனியே நிறுவிய பின் எடுக்கப்பட்ட முடிவல்ல அது. குடும்பம் முழுவதையும் ஆபத்தாகக் கருதியதன் விளைவு.

ஒருவர் இனி என்ன செய்யக்கூடும் என்ற கணிப்பை இன்று கணினியிடம் ஒப்படைக்கும் போக்கு வளர்ந்து வருகிறது.

அமெரிக்காவில் கைதானவர் மீண்டும் குற்றம் புரியும் வாய்ப்பை 'காம்பஸ்' மென்பொருள் மதிப்பெண்ணாகத் தருகிறது. புளோரிடா மாகாணத்தின் ஒரு மாவட்டத் தரவுகளை புரோபப்ளிகா செய்தி நிறுவனம் 2016-இல் ஆய்வு செய்தது. பின்னர் குற்றம் புரியாதவர்களில், கருப்பினத்தவர் வெள்ளையரைவிட ஏறத்தாழ இரு மடங்கு அளவில் 'அதிக அபாயம்' எனத் தவறாக வகைப்படுத்தப்பட்டிருந்தனர். மென்பொருளை உருவாக்கிய நிறுவனம் இம்முடிவை மறுத்தது. அதே ஆண்டு விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம், இம்மதிப்பெண்ணைப் பயன்படுத்த அனுமதித்தாலும், தண்டனையைத் தீர்மானிக்கும் காரணியாக அது அமையக் கூடாது என்றது.

இந்தியாவில் குற்றங்கள் நிகழும் இடங்களைக் கணிக்க டெல்லி காவல்துறை மென்பொருளை உருவாக்கியது. தமிழ்நாடு காவல்துறை 2021-இல் முக அடையாள மென்பொருளை அறிமுகப்படுத்தியது. இவற்றின் அடுத்த கட்டமாக ஜாமீன் முடிவுக்கும் மதிப்பெண் வருமானால், அதற்கு அடிப்படையாகும் தரவு எது என்பதே முதல் கேள்வி.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கைப்படி, இந்தியச் சிறைவாசிகளில் 75.8 சதவீதத்தினர் விசாரணைக் கைதிகள். கைது என்பது காவல்துறையின் முடிவு. குற்றம் நிரூபணமானதற்குச் சான்றல்ல. குற்றப் பழங்குடியினர் சட்டம் 1952-இல் நீக்கப்பட்ட பின்னரும் சில சமூகங்கள் மீதான சந்தேகம் மறையவில்லை. அத்தகைய பதிவேடுகளிலிருந்து கற்கும் கணினி, பழைய சந்தேகத்தையே புதிய எண்ணாகத் திருப்பித் தரும்.

அதேவேளையில், தரவு விடுதலைக்கும் உதவக்கூடும். முதல்முறையாகக் குற்றம் சாட்டப்பட்டவர், அக்குற்றத்துக்கான அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைச் சிறையில் கழித்திருந்தால், சில விதிவிலக்குகளுக்கு உட்பட்டு, அவரைப் பிணைப்பத்திரத்தில் விடுவிக்க பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆவது பிரிவு வகை செய்கிறது. அந்த நாள்களைக் கணக்கிட்டு நினைவூட்டுவது கணினிக்கு எளிது. அதில் ஊகத்துக்கு இடமில்லை.

கணிப்பு மதிப்பெண் நீதிமன்றத்துக்குள் வருமுன், அதன் கணக்கு முறை வெளிப்படையாக இருப்பதும், அதை மறுத்து வாதிடும் உரிமை குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கிடைப்பதும் உறுதி செய்யப்பட வேண்டும். காரணம் கூறி முடிவெடுக்கும் பொறுப்பு நீதிபதியிடமே இருக்க வேண்டும்.